ஒரு வாசகர் காலமானார்

இரங்கல் பதிவு போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. செத்துப்போனவர் நேரில் வந்து நின்று அன்றைய பேப்பரைக் கேட்டார்.

நூலகரம்மா அப்போது கணினியில் அந்தப் பதிவுக்குப் புதிதாக வந்திருந்த பின்னூட்டங்களைப் படித்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தார். ‘இப்படியொரு வாசகரை இழந்த நூலகம் எப்படித்தான் தாங்குமோ’ என்று யாரோ உருகியிருந்த வரிக்கு வரும்போது மேசைமேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். தோளில் அதே துணிப்பை, முழங்கைவரை மடித்துவிட்ட அதே வெள்ளைச் சட்டை. முகம் மட்டும் சவரம் பார்த்து நாளாகியிருந்தது.

“பேப்பர் வந்துடுச்சாம்மா?”

நூலகரம்மா வாயைத் திறந்தார். பின்னால் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த அட்டெண்டர்தான் பதில் சொன்னார்.

“வந்துடுச்சு சார். நீங்களும் வந்துட்டீங்க.”

பைக்காரர் பையை மேசைமேல் வைத்தார். அந்தப் பையால்தான் அவருக்கு அந்தப் பெயர், வைத்தவர் அட்டெண்டர். “இதுல எல்லாப் புத்தகமும் இருக்கு. வரவு வச்சுக்குங்க. இனிமே எடுக்கப் போறதில்லம்மா” என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். விரித்த பக்கத்தைத் திருப்பவில்லை.

அட்டெண்டர் மெதுவாகக் குனிந்தார். “மேடம், நிழல் விழுது. நான் கவனிச்சுட்டேன். ஆள் நிஜம்தான்.”

நூலகரம்மா அவசரமாகத் திரையை அணைத்தார்.

இத்தனைக்கும் காரணம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை. ஒவ்வொரு கிளை நூலகமும் சொந்தமாக ஒரு வலைப்பூ நடத்த வேண்டும். நூலகர்கள் அதில் எழுத வேண்டும். வாசகர்களோடு உரையாட வேண்டும். நூலகத்துக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று போர்டு மாட்டச் சொன்னதும் இதே தலைமை அலுவலகம்தான். எல்லா நூலகர்களையும் ஒரு கூடத்தில் அடைத்து ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஏதோ சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். “உங்க பிராடக்ட் என்னன்னு முதல்ல புரிஞ்சுக்குங்க” என்றார் அவர். கடைசி வரிசையில் யாரோ “புத்தகம்” என்றார்கள். “அது பழைய சிந்தனை” என்றார்.

திரும்பி வந்து நூலகரம்மா எழுத ஆரம்பித்தார். புதிய வரவுகள். நூலக நேரம். புத்தகத்தில் பேனாவால் கோடு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதக்கணக்கில் எழுதியும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வந்த பின்னூட்டங்கள் எல்லாம் வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய் விற்கிறவர்களிடமிருந்து வந்தவை.

“அதையும் ரிப்போர்ட்டுல சேர்த்துடுங்க மேடம்” என்றார் அட்டெண்டர். “முடி கொட்டுறவங்களும் வாசகர்தானே.”

சேர்த்தார். வேறு வழியில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் துணை இயக்குநர் ஒவ்வொரு கிளையாக எழுப்பி, எத்தனை கமென்ட் என்று கேட்பார். இன்னொரு கிளையில் ஃபேன் ஓடாததைப் பற்றி வாசகர்கள் வலைப்பூவிலேயே அடித்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கில் கமென்ட். அந்த நூலகருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஃபேனைச் சரிபண்ண வேண்டாம் என்றும் வாய்மொழி உத்தரவு போனது.

நூலகரம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. கல்லூரி நாளிலிருந்தே எழுத வேண்டும் என்ற ஆசை உள்ளவர் அவர். கதை எழுதி அனுப்பி, அது போன வேகத்தில் திரும்பி வந்து, கடைசியில் மற்றவர்கள் எழுதியதற்கு எண் ஒட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். வலைப்பூ என்றதும், இத்தனை வருஷம் கழித்துத் தன் எழுத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு சின்ன நப்பாசை அவருக்கு இருந்தது. அதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

“நானும் படிச்சுப் பார்த்தேன்” என்றார் கணவர். “ரெண்டாவது வரியில கண்ணைச் சொக்கிக்கிட்டு வந்துது. தூக்க மாத்திரையை நிறுத்திட்டேன்.”

அந்தச் சமயத்தில்தான் முதல் முதலாக ஒரு மனிதப் பின்னூட்டம் வந்தது.

‘உங்கள் நூலகத்திலிருந்து வாரம் தவறாமல் புத்தகங்கள் பெற்றுப் படித்து வந்த வாசகர் காலமானார். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் இருக்கும் புத்தகங்கள் திரும்பி வரும்.’

கீழே உறுப்பினர் எண். நூலகரம்மா கணினியில் தேடினார். பைக்காரரின் பெயரும் புகைப்படமும் வந்தன. சில நாட்களாக அவர் வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கிளையில் அந்த மனிதரைப் போலப் புத்தகம் எடுத்தவர் யாருமில்லை. பேப்பரை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பை நிறைய நாவலும் சரித்திரமும் பயணக் கதையுமாக அள்ளிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கிறவரைப் போல அவசரமாகக் கிளம்பிவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு வரி சொல்வார். “நல்லா இருக்காம்.” “நடுவுல கொஞ்சம் இழுக்குதாம், முடிவு பிரமாதமாம்.” “இதே ஆள் எழுதினது வேற இருந்தா குடுங்க.”

நூலகரம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் எழுதினார். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. ‘பை நிறைய அவர் வீட்டுக்குப் போன புத்தகங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவை’ என்று எழுதினார். ‘தன் ரசனையைக்கூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத அடக்கம் அவருடையது. யாரோ சொன்னதுபோலத்தான் சொல்வார்’ என்று எழுதியபோது அவருக்கே கண் கலங்கியது. உறுப்பினர் பெயரை வலைப்பூவில் போடக் கூடாது என்பது சுற்றறிக்கையின் விதி. அதனால் முதலிலிருந்து கடைசிவரை ‘அவர்’ என்றே எழுதினார். பெயர் இல்லாததே ஒரு அழகாக அமைந்துவிட்டது.

பதிவு பற்றிக்கொண்டது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து அழுதார்கள். தங்களுக்கும் அப்படியொருவரைத் தெரியும் என்றார்கள். இயக்குநர் அதை எல்லாக் கிளைகளும் கூடியிருந்த கூட்டத்தில் வாய்விட்டுப் படித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணை இயக்குநர் போன் செய்தார்.

“அசத்திட்டீங்க மேடம். இதே மாதிரி மாசம் ஒண்ணு போடுங்க.”

“மாசம் ஒருத்தர் சாகணுமே சார்.”

“அதெல்லாம் நீங்க பார்த்துக்குங்க.”

அன்று சாயங்காலம் கணவர் போனில் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். “இதை நீயா எழுதினே?” என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நூலகரம்மாவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

இப்போது பாராட்டுக்குக் காரணமானவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“பதிவை அழிச்சிடுறேன்” என்றார் நூலகரம்மா.

அழிக்க முடியவில்லை. ‘சிறந்த பதிவு’ என்று முத்திரை விழுந்துவிட்டதால் அதைத் தொடும் உரிமை தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. துணை இயக்குநருக்குப் போன் போட்டார்.

“சார், அந்த வாசகர் உயிரோட இருக்கார்.”

“நிச்சயமா தெரியுமா?”

“என் கண் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கார்.”

“அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க? ஒரே மாதிரி ஆள் எவ்வளவோ பேர் இருக்காங்க.”

“சார், வருஷக்கணக்கா பார்க்கிற முகம்.”

“மேடம், நான் சொல்றதை நிதானமா கேளுங்க. இயக்குநர் அழுதிருக்கார். அவர் அழுததைப் பத்தி ஆண்டறிக்கையில ஒரு பாரா இருக்கு. இப்போ நான் போய், ஆள் சாகலை சார், நீங்க அனாவசியமா அழுதுட்டீங்கன்னு சொல்லணுமா?”

“அப்போ என்னதான் பண்றது?”

“அவருக்கும் வயசாயிருக்கும் இல்ல? கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்.”

நூலகரம்மா போனை வைத்தார். அவமானமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. பழைய பதிவை அழிக்கத்தான் முடியாது. புதுப் பதிவு போடலாம். ‘வருந்துகிறோம்’ என்று தலைப்புக் கொடுத்து, தவறான தகவலால் அந்தப் பதிவு எழுதப்பட்டது, நமது வாசகர் நலமாக இருக்கிறார், இன்றும் நூலகத்துக்கு வந்தார் என்று எழுதிப் போட்டுவிட்டு, பாரம் இறங்கியதுபோல டப்பாவைத் திறந்தார்.

ஒரு வாய் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. ‘சாவிலுமா விளையாட்டு’ என்றார் ஒருவர். ‘இந்த நூலகருக்கு மனசாட்சி இருக்கிறதா’ என்று இன்னொருவர். நேற்றுவரை ‘அம்மா, உங்கள் எழுத்து’ என்று குழைந்தவர்கள் இப்போது ‘ஏய்’ என்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் கீழே, முதன்முதலில் சாவுச் செய்தி சொன்ன அதே பெயர் இருந்தது: ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? கடைசி மூச்சுவரை நான் பக்கத்தில் இருந்தேன். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்.’

நூலகரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. “பாருங்க இதை” என்று அட்டெண்டரைக் கூப்பிட்டார். “கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துலயே இருந்தாங்களாம். ஆள் இங்க மூச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

அட்டெண்டர் படித்தார். தாடையைத் தடவினார். “தெரியாம நடந்த தப்பு இல்ல மேடம் இது. வேணும்னே பண்ற வேலை. வீட்டு ஆளா இருக்கும். உயிரோட இருக்கிறவரைச் செத்துட்டார்னு எதுக்குச் சொல்வாங்க? யோசிங்க.”

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. தலைமை அலுவலகம் மறுப்புப் பதிவைத் தூக்கிவிட்டது. துணை இயக்குநர் போனில் பொரிந்து தள்ளினார். ஒரு உயிரைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற ரீதியில் போயிற்று அந்தப் பேச்சு.

அன்று மூடும் நேரத்தில் பைக்காரர் எழுந்திருக்கவே இல்லை.

“மூடணும் சார்.”

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமாம்மா? ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்குப் போய் என்ன பண்றது.”

நூலகரம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “வீட்டுல யார் சார் இருக்காங்க?”

“பொண்ணு ஒருத்தி. வெளியூர்ல இருக்கா. வந்தா, கூட இருந்தா, போயிட்டா.”

“உங்ககிட்ட நல்லபடியா நடந்துக்குறாங்களா?”

பைக்காரர் பேப்பரை நாலாக மடித்தார். “வீட்டை வித்துட்டு என்கூட வந்துடுங்கன்னு பிடிவாதம் பிடிக்கிறா. எனக்குத்தான் மனசு வரலை.”

நூலகரம்மாவும் அட்டெண்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட்டெண்டரின் பார்வையில், நான் அப்பவே சொன்னேனே என்று இருந்தது.

“உங்க வீட்டை யாருக்கும் எழுதிக் குடுத்துடாதீங்க சார்” என்றார் நூலகரம்மா. “என்ன சொன்னாலும் சரி.”

பைக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

அந்த மனிதரிடம் உண்மையை மறைப்பது பாவம் என்று நூலகரம்மாவுக்குத் தோன்றியது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு கமென்ட் வந்துது. அதைப் படிச்சுட்டு நான் இதை எழுதிட்டேன்.”

பைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிமேல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். படிக்கப் படிக்க உதடு துடித்தது. பின்னூட்டங்களையும் விடவில்லை. நூலகரம்மா விலங்கு மாட்டிக்கொள்ளக் காத்திருப்பவரைப் போல நின்றார்.

“என் மேல கோபம்தானே சார்?”

“எதுக்கும்மா கோபம்? உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “எப்படிம்மா இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டீங்க?”

“எடுக்கிற புத்தகத்தைப் பார்த்தா ஆளைத் தெரியாதா சார்? ஆனா தப்பு தப்புதான். எப்படியாவது எடுத்துடச் சொல்றேன்.”

“ஐயோ, எடுக்காதீங்க. அது இருக்கட்டும்மா.” தயங்கினார். “இதைக் காகிதத்துல எடுத்துக் குடுப்பீங்களா? அவங்க எழுதினதையும் சேர்த்து.”

அச்செடுத்துக் கொடுத்தார். பைக்காரர் அதைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

“தன் இரங்கலைத் தானே பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார் அட்டெண்டர்.

“மகாத்மா” என்றார் நூலகரம்மா. “பெத்த பொண்ணு உயிரோட தலை முழுகிட்டா. யாரோ முகம் தெரியாதவங்க நாலு நல்ல வார்த்தை சொல்றாங்க. அது போதும்னு நினைக்கிறார் பாருங்க.”

சொல்லும்போதே அவருக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி பரவியது. செத்தவரே ஆட்சேபிக்கவில்லை. பதிவு இருந்துவிட்டுப் போகட்டுமே. அந்த நிம்மதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பைக்காரர் அதற்குப் பிறகு கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். “புதுசா யாராவது எழுதியிருக்காங்களாம்மா?” என்பார். நூலகரம்மா படித்துக் காட்டுவார். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார். பிறகு ஜன்னலோரம் போய், மூடும்வரை வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலையில் தலைமை அலுவலகம் அடுத்த குண்டைப் போட்டது. நினைவுக் கூட்டம். இயக்குநரே வருகிறார். கிளையில் ஒரு மூலைக்கு ‘வாசகர் மூலை’ என்று பெயர் வைத்துப் படம் திறப்பார். சாவுச் செய்தி சொன்ன அந்தக் குடும்பத்தாருக்கும் வலைப்பூ வழியாகவே அழைப்புப் போய்விட்டது.

“அவரைக் கூட்டத்துக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றார் துணை இயக்குநர்.

“அவரோட நினைவுக் கூட்டம் சார்.”

“அதனாலதான் சொல்றேன்.”

“அவர் எங்க போவார் சார்? நாள் பூரா இங்கதான் இருக்கார்.”

“மேடம், உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. இயக்குநர் அந்தப் பதிவைப் பார்த்துட்டுத்தான் தூசி தட்டி எடுக்கச் சொன்னார். ஒரு நாள், ஒரு மணி நேரம். அந்த மனுஷன் கண்ணுல படாம இருக்கணும். அவ்வளவுதான்.”

அந்த ஃபைலுக்காக நூலகரம்மா காத்திருந்த காலத்தில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள். அவர் ஒரு பகல் முழுக்க மென்று விழுங்கினார். பிறகு பைக்காரரிடம் போனார்.

“சார், கூட்டத்துல நீங்க முன்னாடி உட்கார்ந்தா சங்கடமா இருக்கும்.”

“நானே சொல்லணும்னு இருந்தேன்மா” என்றார் பைக்காரர் உடனே. “முன்னாடி உட்கார வைக்காதீங்க. தாங்க மாட்டேன். உள்ளே எங்கயாவது ஒரு மூலையில இருந்து கேட்டுக்கிறேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நூலகரம்மா எதிர்பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்தன்று பைக்காரரைப் பழைய புத்தகங்கள் கிடக்கும் அறையில், ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்கள். படம் வந்தது. உறுப்பினர் அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கியதில் முகம் கலைந்துபோய், மூக்கும் மீசையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. “பரவாயில்ல” என்றார் துணை இயக்குநர். “யாருன்னு தெரியாம இருக்கிறதும் ஒரு வகையில நல்லதுதான்.”

இயக்குநர் துணியை விலக்கிப் படத்தைத் திறந்தார். நூலகங்களின் எதிர்காலம் வலைப்பூக்களில்தான் இருக்கிறது என்றார். இந்த வாசகர் செத்துப்போனதன் மூலம் அதை நிரூபித்திருக்கிறார் என்ற பொருளில் ஏதோ சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு நூலகரம்மாவை மேடைக்கு அழைத்து, அந்தப் பதிவை அவர் வாயாலேயே படிக்கச் சொன்னார்கள்.

படித்தார். முன்வரிசையில் கணவர் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. ‘தன் ரசனையைக்கூட’ என்ற இடத்தில் உள்ளறையிலிருந்து ஒரு கேவல் கேட்டது. அட்டெண்டர் பக்கத்து அலமாரியிலிருந்த கலைக்களஞ்சியத்தைக் கீழே தள்ளினார்.

“என்ன சத்தம்?” என்றார் இயக்குநர்.

“எலி சார்.”

“அழுகிற மாதிரி இருந்ததே.”

“இங்க இருக்கிற எலி எல்லாம் படிச்சது சார்.”

ஒருவழியாகக் கூட்டம் முடிந்தது. தேநீரும் பிஸ்கட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. இயக்குநர் நூலகரம்மாவின் கையைக் குலுக்கி, “மேல உங்களைப் போல ஆள்தான் தேவை” என்றார். துணை இயக்குநர் பின்னாலிருந்து கண்ணாலேயே ஃபைலைக் காட்டினார். நூலகரம்மா இத்தனை வருஷம் கனவு கண்ட நிமிஷம் அது. அந்த நிமிஷத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பஸ் தூசி படிந்த முகம், கையில் பயணப் பை, கலைந்த தலை.

“நூலகர் மேடம் யாருங்க? நான்தான் கமென்ட் போட்டேன். அழைப்பு வந்துது. பஸ் லேட்டாயிடுச்சு.”

நூலகரம்மா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். இவளா அவள். வீட்டுக்காகப் பெற்றவரைச் சாகடித்துவிட்டு, அதைக் கொண்டாட பஸ் பிடித்து வந்திருக்கிறாள். ஒரு பக்கம் இயக்குநர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் மூடிய கதவுக்குள் அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேலே போகிற ஃபைலையும் முன்வரிசைக் கணவரையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியானதைச் செய்துவிட வேண்டும் என்ற வேகம் அவருக்கு வந்திருந்தது.

“வாங்கம்மா. உங்களைத்தான் இத்தனை நாளா பார்க்கணும்னு இருந்தேன்” என்றார். குரல் கூடமெங்கும் கேட்டது. “கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துல இருந்தேன்னு எழுதினீங்களே. எப்படிம்மா கை வந்துது?”

“மேடம், எனக்குப் புரியலை.”

“புரியும். எல்லாருக்கும் இப்போ புரியும்.”

துணை இயக்குநர், “மேடம், வேண்டாம்” என்று பதறிக்கொண்டு வந்தார். அட்டெண்டர் அவருக்குக் குறுக்கே தேநீர்த் தட்டை நீட்டி, “சார், சர்க்கரை போதுமா?” என்று கேட்டு அங்கேயே நிறுத்தினார்.

நூலகரம்மா விறுவிறுவென்று நடந்து உள்ளறைக் கதவைத் திறந்தார்.

பழுப்பேறிய புத்தகக் குவியல்களுக்கு நடுவே பைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த அச்சுத் தாள்கள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. இயக்குநர் அவரைப் பார்த்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லவும் மறந்தார். கூடத்தில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அந்த நூலகம் தொடங்கிய நாளிலிருந்து போர்டு சொன்னபடி எல்லாரும் அமைதியாக இருந்தது அப்போதுதான்.

“இதோ இருக்கார் உங்க அப்பா” என்றார் நூலகரம்மா. “உயிரோடதான் இருக்கார். ஒரு வீட்டுக்காக இவரைச் செத்துட்டார்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நானும் நம்பி எழுதினேன். என் தப்பை நான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மாலைக்குக் கீழே எழுதியிருந்த ‘மறைந்த மாபெரும் வாசகர்’ என்ற எழுத்தை இரண்டு தடவை படித்தாள். பயணப் பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“அப்பா பேப்பரைத் தவிர ஒரு புத்தகம்கூடப் படிச்சதில்லைங்க மேடம், அவர் கார்டுல வாங்கிட்டு வந்ததை எல்லாம் படுத்த படுக்கையா கிடந்து படிச்சது எங்க அம்மா, காலமானார்னு நான் எழுதினதும் அம்மாவைத்தான்.”